டாப்ஸ் அட்டைக் கலைஞர்களின் நினைவெழுத்துகள்

டாப்ஸ் அட்டைக் கலைஞர்களின் நினைவெழுத்துகள், அமெரிக்காவின் டாப்ஸ் சூயிங்கம் நிறுவனத்தில் டிரேடிங் கார்டு எனப்படும் சேகரிப்பு அட்டைகளை உருவாக்கியவர்கள் தங்கள் பணிவாழ்வைப் பற்றி எழுதியவை. லென் பிரவுன், ஆர்ட் ஸ்பீகல்மன், ஜே லிஞ்ச், கேரி கெரானி ஆகியோர் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர்கள். 2008 முதல் ஏப்ரம்ஸ் பதிப்பகம் வெளியிட்ட அட்டைத் தொகுப்பு நூல்களில் முன்னுரைகளாகவும் பின்னுரைகளாகவும் படக்குறிப்புகளாகவும் இடம்பெற்றவற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கூலிக்கு வரையப்பட்ட ஒரு மக்கள்கலை எப்படி உருவானது என்பதை உள்ளிருந்து சொல்லும் சான்றுகள் என்ற வகையில் இவை முக்கியமானவை. ஆனால் அந்தக் கலையை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு இவை தரும் விடை முழுமையானதல்ல. அந்தக் குறை எழுதியவர்களின் நேர்மையின்மையால் வந்ததல்ல. எழுதப்பட்ட இடத்தால் வந்தது.

பின்புலம்

சேகரிப்பு அட்டையின் தொடக்கம் சிகரெட்டுப் பெட்டி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டுகள் நசுங்காமல் இருக்கப் பெட்டிக்குள் கெட்டி அட்டை ஒன்றைச் செருகினார்கள். நடிகைகள், படைவீரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஆகியோரின் படங்களை அதில் அச்சிட்டபோது அட்டையே சேகரிக்கும் பொருளாக ஆனது. 20ஆம் நூற்றாண்டில் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் எடுத்துக்கொண்டது. வாங்குபவர்கள் பெரியவர்களிலிருந்து சிறுவர்களாக மாறினார்கள்.

டாப்ஸ் நிறுவனம் 1938இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஷோரின் சகோதரர்கள் நால்வரால் தொடங்கப்பட்டது. அவர்களின் குடும்பத் தொழில் புகையிலை வணிகம். 1947இல் பஸூக்கா என்னும் பபிள்கம்மை அறிமுகம் செய்தனர். 1952இல் 407 அட்டைகள் கொண்ட பேஸ்பால் வரிசை வெளிவந்தது. அதை சை பெர்கர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்டி கெல்மனின் துணையுடன் வடிவமைத்தார். 1956இல் போட்டி நிறுவனமான போமனை டாப்ஸ் வாங்கியது. அடுத்த கால்நூற்றாண்டு பேஸ்பால் அட்டைச் சந்தை பெரும்பாலும் டாப்ஸின் கையில் இருந்தது.

டாப்ஸின் படைப்பு வரலாற்றில் மையமானவர் உட்டி கெல்மன் (1915–1978). ஃபிளைஷர் அனிமேஷன் கூடத்தில் பணியாற்றியவர். டாப்ஸில் புதிய பொருட்களை உருவாக்கும் பிரிவை நடத்தினார். பழைய சித்திரக்கதைகளின் பெரும் சேகரிப்பாளர். நாஸ்டால்ஜியா பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தனியாக நடத்தி, மறக்கப்பட்ட செய்தித்தாள் சித்திரக்கதைகளை மறுபதிப்பு செய்தார். எந்த ஓவியருக்கு என்ன வரும், அவர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறிவுக்கு அன்று பெரிய பயன் இருந்தது. 1950களில் மலிவுத்தாள் கதை இதழ்கள் நின்றுபோயின. 1954இல் காமிக்ஸ் இதழ்களுக்கான தணிக்கை விதிகள் வந்தபின் ஈ.சி. காமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் திகில், அறிவியல் கதை இதழ்களை நிறுத்தின. அமெரிக்காவின் மிகச்சிறந்த இதழோவியர்கள் பலர் வேலை தேடிக்கொண்டிருந்தனர். நார்மன் சாண்டர்ஸ், வாலி வுட், பாப் பவல், ஜாக் டேவிஸ், பேசில் உல்வர்ட்டன் ஆகியோர் டாப்ஸுக்கு வரைந்தது இந்தப் பின்னணியில்தான். 1960களில் அடுத்த தலைமுறை வந்தது. ராபர்ட் கிரம்ப், ஆர்ட் ஸ்பீகல்மன், ஜே லிஞ்ச், பில் கிரிஃபித், கிம் டைட்ச் ஆகிய தலைமறைவு காமிக்ஸ் இயக்கத்தினருக்கு டாப்ஸ் கூலி கொடுத்தது. ஒருவகையில், பிற்காலத்தில் அமெரிக்கச் சித்திரநாவலை உருவாக்கிய தலைமுறையின் வீட்டு வாடகையைச் சிறுவர்களின் சூயிங்கம் காசு கட்டியது என்று சொல்லலாம்.

நூல்கள்

ஏப்ரம்ஸ் பதிப்பகத்தின் தொகுப்புகளில் முதலாவது 'வேக்கி பேக்கேஜஸ்' (2008). ஆர்ட் ஸ்பீகல்மன் முன்னுரையும் ஜே லிஞ்ச் பின்னுரையும் எழுதினர். 2012இல் 'கார்பேஜ் பெயில் கிட்ஸ்' ஸ்பீகல்மனின் முன்னுரையுடனும் ஓவியர் ஜான் பவுண்டின் பின்னுரையுடனும் வந்தது. அதே ஆண்டு வெளிவந்த 'மார்ஸ் அட்டாக்ஸ்' ஐம்பதாண்டு நிறைவுப் பதிப்புக்கு லென் பிரவுன் முன்னுரை எழுத, நார்மன் சாண்டர்ஸின் மகளும் ஓவியருமான ஸீனா சாண்டர்ஸ் பின்னுரை எழுதினார். 2013இல் பஸூக்கா ஜோ பற்றிய நூலும், 2015 முதல் கேரி கெரானியின் 'ஸ்டார் வார்ஸ்' அட்டைத் தொகுதிகளும் வந்தன.

இந்நூல்களின் மேலுறை பழைய சூயிங்கம் பொட்டலத்தின் மெழுகுத்தாளைப் போலச் செய்யப்பட்டது. உள்ளே சில புதிய அட்டைகளும் வைக்கப்பட்டிருந்தன. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஐந்து சென்ட்டுக்கு வாங்கியவரின் கையில் அதே பொட்டலத்தை மீண்டும் கொடுப்பது இவற்றின் நோக்கம். முன்னுரைகள் அந்த நோக்கத்திற்குள் அமைந்தவை. ஓர் ஓவியரின் தன்வரலாறாக எழுதப்பட்டிருந்தால் இருக்கக்கூடிய தொனிக்கும், நினைவுப் பரிசாக விற்கப்படும் நூலின் வாசலில் நின்று பேசும் தொனிக்கும் இடையிலான வேறுபாட்டை வாசகர் மனதில் கொள்ளவேண்டும்.

லென் பிரவுனும் 'மார்ஸ் அட்டாக்ஸ்' அட்டைகளும்

லென் பிரவுன் 1959இல், தன் பதினெட்டாம் வயதில் டாப்ஸில் சேர்ந்தார். காமிக்ஸ் சேகரிக்கும் சிறுவனாக இருந்தபோதே கெல்மனை அறிந்தவர். நாற்பதாண்டுகள் அங்கே பணியாற்றினார். வாலி வுட்டுடன் இணைந்து அவர் 1965இல் 'தண்டர் ஏஜென்ட்ஸ்' என்ற சாகச வீரர் கதைவரிசையையும் உருவாக்கினார். அதன் நாயகன் டைனமோவின் இயற்பெயர் லென் பிரவுன்.

'மார்ஸ் அட்டாக்ஸ்' 1962இல் வந்த 55 அட்டைகள் கொண்ட வரிசை. செவ்வாய்க் கிரகத்தவர் பூமியைத் தாக்கி அழிப்பதும், மனிதர்கள் திருப்பித் தாக்குவதும் கதை. ஓர் அட்டைக்கு ஒரு காட்சி. பின்பக்கத்தில் சில வரிக் கதை. ஈ.சி.யின் 'வியர்ட் சயன்ஸ்' இதழுக்கு வாலி வுட் வரைந்த ஓர் அட்டைப்படம் இதற்குத் தூண்டுதல். பிரவுனும் கெல்மனும் கதையை அமைத்தனர். பின்பக்க வரிகளைப் பிரவுன் எழுதினார். வுட் தொடக்க வரைவுகளைச் செய்தார். பாப் பவல் பென்சில் ஓவியங்களை முடித்தார். சாண்டர்ஸ் வண்ணம் தீட்டினார்.

அட்டைகளின் வன்முறை பெற்றோரின் எதிர்ப்பைக் கிளப்பியது. செவ்வாய்க் கிரகத்தவன் ஒரு சிறுவனின் கண்முன் அவனுடைய நாயை எரிக்கும் 36ஆம் அட்டை இன்றும் பேசப்படுவது. நிறுவனம் 13 அட்டைகளைக் கடுமை குறைத்து மீண்டும் வரையச் செய்தது. கனெக்டிகட் மாநில அரசு வழக்கறிஞர் ஒருவரின் தலையீட்டுக்குப் பின் அட்டைகளின் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. இவ்வரிசையை டாப்ஸ் தன் பெயரில் வெளியிடவில்லை. பபிள்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. ஓவியரின் பெயர் மட்டுமல்ல, நிறுவனத்தின் பெயரும் அட்டையில் இல்லை.

பிரவுனின் எழுத்தின் வலிமை, வேலை எப்படிக் கைமாறியது என்பதை அறிந்தவரின் எழுத்து என்பது. கருத்து ஒருவரிடமிருந்து வருகிறது, வரைவு இன்னொருவருக்குப் போகிறது, பென்சில் மூன்றாமவருக்கு, தூரிகை நான்காமவருக்கு. சேகரிப்பாளர் கையில் இருக்கும் ஒற்றை அட்டை இந்தத் தொடரின் கடைசி விளைவு. வழக்கமான கலை வரலாறு ஒரு படத்திற்கு ஒரு கலைஞரைத் தேடும். பிரவுன் போன்றோரின் குறிப்புகள் இல்லையென்றால் இந்தப் பகுப்பு நமக்குத் தெரிந்திருக்காது.

அவருடைய எல்லை, அவர் நின்ற இடம். பிரவுன் நிறுவனத்தின் ஊழியர். வுட்டும் பவலும் சாண்டர்ஸும் வெளியிலிருந்து படக்கணக்கில் கூலி பெற்றவர்கள். அலுவலகத்திலிருந்து பார்க்கும்போது அது ஒரு நட்புக் குழு. வரைபலகையிலிருந்து பார்த்தால் அது என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதைப் பிரவுனால் சொல்லமுடியாது.

ஆர்ட் ஸ்பீகல்மன்

ஆர்ட் ஸ்பீகல்மன் 1948இல் ஸ்டாக்ஹோமில் பிறந்து நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். பெற்றோர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய போலந்து யூதர்கள். பள்ளி மாணவராக இருந்தபோது கெல்மனை அறிந்தார். 1960களின் நடுவில் டாப்ஸில் வேலை கிடைத்தது. அடுத்த இருபதாண்டுகள் அவருடைய நிலையான வருமானம் அதுதான்.

'வேக்கி பேக்கேஜஸ்' 1967இல் தொடங்கியது. 1973க்குப் பின் ஒட்டுப்படங்களாக வந்தபோது பெருவெற்றி பெற்றது. கடைகளில் விற்கும் பொருட்களின் உறைகளை அப்படியே போலி செய்து, பெயரில் ஓரெழுத்தை மாற்றிக் கேலிசெய்வது இதன் முறை. கிரெஸ்ட் பற்பசை 'கிரஸ்ட்' ஆனது. பல்லில் படியும் காறை என்று பொருள். பேண்ட்-எய்ட் 'பேண்ட்-ஏக்' ஆனது. காயத்தை ஆற்றும் ஒட்டு வலிதரும் ஒட்டானது. சில நிறுவனங்களின் எதிர்ப்பால் சில அட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. இதிலும் கருத்தும் வரைவும் ஸ்பீகல்மன் போன்ற இளைஞர்களுடையவை. இறுதி ஓவியம் பெரும்பாலும் சாண்டர்ஸுடையது. விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு விளம்பரத்தை நம்பாதே என்று சொல்லிக்கொடுத்த கேலி இது. அதைச் சொன்னது ஒரு வணிக நிறுவனம் என்பது இதன் வேடிக்கை.

1985இல் வந்தது 'கார்பேஜ் பெயில் கிட்ஸ்'. அப்போது அமெரிக்காவைப் பிடித்தாட்டிய 'கேபேஜ் பேட்ச் கிட்ஸ்' என்ற குழந்தைப் பொம்மைகளின் பகடி. ஸ்பீகல்மனும் மார்க் நியூகார்டனும் ஆசிரியர்களாக இருந்தனர். முதல் வரிசை முழுவதையும் ஜான் பவுண்ட் தீட்டினார். சளியும் வாந்தியும் வெடித்துச் சிதறும் தலையுமாக வந்த இந்தக் குழந்தைகளைப் பல பள்ளிகள் தடைசெய்தன. பொம்மை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1986இல் ஜார்ஜியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் டாப்ஸுக்கு எதிராக இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. டாப்ஸ் உருவங்களின் தோற்றத்தை மாற்றியது.

இந்தக் காலக்கணக்கை நோக்கவேண்டும். 'மௌஸ்' சித்திரநாவலின் முதல் தொகுதி 1986இல் வந்தது. யூத இனப்படுகொலை பற்றிய அந்நூலை வரைந்த அதே ஆண்டுகளில்தான் ஸ்பீகல்மன் குப்பைத்தொட்டிக் குழந்தைகளின் அலுவலகத்திலும் அமர்ந்திருந்தார். 1992இல் 'மௌஸ்' புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. உயர்கலை, கீழ்க்கலை என்ற பிரிவு ஒரே மனிதரின் ஒரே வாரத்திற்குள் இருந்தது. அவரும் மனைவி ஃபிரான்ஸ்வாஸ் மூலியும் 1980இல் தொடங்கிய 'ரா' இதழின் இரண்டாம் எண்ணில் மார்க் பெயரின் சேகரிப்பு அட்டைகளைச் சூயிங்கத்துடன் இணைத்துக் கொடுத்தார்கள். டாப்ஸ் அவருக்கு வயிற்றுப்பாடு மட்டும் அல்ல, ஒரு வடிவத்தின் பயிற்சியும் கூட.

ஸ்பீகல்மன் இவ்விரு நூல்களுக்கும் முன்னுரை எழுதியதன் மதிப்பு இங்கே உள்ளது. புகழ்பெற்ற ஒரு கலைஞர் தன் கூலிவேலையை மறைக்காமல், அதைத் தன் கலையின் பகுதியாக ஏற்றுக்கொள்கிறார். வணிகக் கலையிலிருந்து வெளியேறியவர்களில் பலர் அதைச் செய்வதில்லை.

ஆனால் இன்னொரு வரலாறும் உண்டு. தான் உருவாக்கிய அட்டைகளின் லாபத்தில் படைப்பாளிகளுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று ஸ்பீகல்மன் ஆண்டுக்கணக்கில் டாப்ஸிடம் கேட்டார். 1980களில் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்கள் உரிமத்தொகை கொடுக்கவும் மூல ஓவியங்களைத் திருப்பித் தரவும் தொடங்கியிருந்தன. டாப்ஸ் மறுத்தது. 1989இல் டாப்ஸ் தன்னிடமிருந்த மூல ஓவியங்களை நியூயார்க்கில் கெர்ன்ஸீஸ் ஏல நிறுவனம் வழியாக விற்றது. அந்த ஆண்டுதான் நார்மன் சாண்டர்ஸ் இறந்தார். ஸ்பீகல்மன் டாப்ஸிலிருந்து விலகினார்.

இருபதாண்டுக் கூலிவேலையின் உச்சக்காட்சி உண்மையில் இந்த ஏலம். தன்வரலாறாக எழுதினால் கதை இதை நோக்கித்தான் நகரும். மெழுகுத்தாள் உறையிட்ட நினைவுநூலில் கதையின் மையம் கெல்மனின் அன்பும் அலுவலகத்தின் கிறுக்குத்தனமும் அட்டைகளின் துடுக்கும்தான். இரண்டும் உண்மை. ஆனால் எது மையம், எது ஓரம் என்பதைத் தீர்மானிப்பது நூலின் வகை.

கேரி கெரானி

கேரி கெரானி 1970களில் டாப்ஸில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் சேர்ந்தவர். தொலைக்காட்சியின் கற்பனைத் தொடர்கள் பற்றி 1977இல் 'ஃபென்டாஸ்டிக் டெலிவிஷன்' என்ற நூலை எழுதினார். 1988இல் வந்த 'பம்ப்கின்ஹெட்' திகில் படத்தின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவர். அதே ஆண்டு வந்த 'டைனோசர்ஸ் அட்டாக்' அட்டை வரிசையிலும் அவருக்கு முதன்மைப் பங்கு உண்டு.

1977இன் 'ஸ்டார் வார்ஸ்' அட்டைகள் நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என ஐந்து வரிசைகளாக வந்தன. வரிசைக்கு 66 வீதம் 330 அட்டைகள், 55 ஒட்டுப்படங்கள். இங்கே ஓவியம் இல்லை, படத்தின் நிழற்படங்களே. கெரானியின் வேலை கிடைத்த நிழற்படங்களிலிருந்து தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, வரிசைப்படுத்துவது, தலைப்பு எழுதுவது. ஒளிநாடா வீடுகளுக்கு வராத காலம் அது. திரையரங்கை விட்டு வந்த சிறுவனுக்குப் படத்தை மீண்டும் பார்க்க இருந்த வழிகளில் ஒன்று இந்த அட்டைகள். 'ஸ்டார் வார்ஸ்' ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்த வரிசையை அமைத்ததில் பெயர் தெரியாத ஒரு தலைப்பெழுத்தாளருக்கும் பங்கு இருக்கிறது.

டாப்ஸ் எழுத்துகளில் படிப்பவருக்கு மிக அதிகமாகக் கற்பிப்பவை கெரானியின் குறிப்புகள். காரணம், அவை அட்டைக்கு அருகிலேயே நிற்கின்றன. இந்தப் படம் ஏன், இந்தத் தலைப்பு ஏன் என்பதே அங்கே பேச்சு. 207ஆம் அட்டையில் சி-3பிஓ என்ற எந்திர மனிதனின் உருவம் ஆபாசமாகத் தோன்றியதும், பின்னர் அது திருத்தி அச்சிடப்பட்டதும் சேகரிப்பாளர் உலகில் தீராத வம்புக்கதை. ஓர் ஆசிரியரின் பார்வையில் அதன் பாடம் வேறு. சிறு அளவில், மிக விரைவாக, நூற்றுக்கணக்கான படங்களைப் பார்க்கும் கண் எதைத் தவறவிடும் என்பதுதான் அது. தேர்வும் தொகுப்பும் படைப்புதானா என்ற கேள்விக்கு, ஆம் என்று வாதிடாமலேயே அவருடைய குறிப்புகள் விடை தருகின்றன.

கெரானியின் குறை, அவர் ரசிகராகவும் இருப்பது. தன் தொழிலை நேசிப்பவரின் உற்சாகம் பக்கங்களை நகர்த்துகிறது. ஆனால் உரிமம் கொடுத்த படநிறுவனத்தின் ஒப்புதலுடன் வரும் நூலில் உரிமம் பற்றிய கடினமான கேள்விகளுக்கு இடமில்லை.

எழுதாதவர்கள்

இந்நினைவெழுத்துகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. எழுதியவர்கள் அனைவரும் நீண்டகாலம் வாழ்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்திற்குள் இருந்தவர்கள். பஸூக்கா ஜோவை வரைந்த வெஸ்லி மோர்ஸ் 1963இல் இறந்தார். பாப் பவல் 1967இல். கெல்மன் 1978இல். வாலி வுட் 1981இல் தற்கொலை செய்துகொண்டார். நார்மன் சாண்டர்ஸ் 1989இல். அட்டைகளைக் கையால் உருவாக்கிய மூத்த தலைமுறை தன் கதையை எழுதவில்லை. அவர்கள் உயிரோடிருந்தபோது யாரும் கேட்கவுமில்லை. சூயிங்கம் அட்டை வரைந்ததைப் பற்றி ஓர் ஓவியர் நூல் எழுதலாம் என்ற எண்ணமே அன்று இல்லை.

அவர்களுக்காகப் பிள்ளைகள் பேசுகிறார்கள். ஸீனா சாண்டர்ஸின் பின்னுரையும், பஸூக்கா ஜோ நூலில் மோர்ஸின் மகன் டாலி மோர்ஸ் எழுதியதும் அவ்வகை. இவை மற்ற எழுத்துகளிலிருந்து வேறானவை. அலுவலகத்திற்குச் சாண்டர்ஸ் என்றால் குறித்த நாளில் வந்துசேரும் ஓவியம். மகளுக்கு அவர் வீட்டில் அமர்ந்து, அட்டையைவிடச் சற்றே பெரிய பலகையில், நுண்ணிய தூரிகையால் செவ்வாய்க் கிரகத்தவரின் மூளையை வரைந்துகொண்டிருந்த தந்தை. கூலிவேலை என்ற சொல்லுக்கு உடலும் நேரமும் உண்டு என்பது நினைவுக்கு வரும் இடங்கள் இவைதான்.

பேஸ்பால் அட்டைகளிலும் இதே நிலை. 1952 வரிசையின் தந்தை என்று சை பெர்கர் (1923–2014) அழைக்கப்படுகிறார். விற்காமல் தேங்கிய 1952 அட்டைகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே பேட்டிகளில் சொன்னார். அந்த வரிசையின் 311ஆம் அட்டையான மிக்கி மேன்டிலின் ஒரு பிரதி 2022இல் 1.26 கோடி டாலருக்கு விற்றபோது இக்கதை மீண்டும் உலகெங்கும் சொல்லப்பட்டது. அதே மேசையில் அமர்ந்திருந்த கெல்மன், அட்டைகள் பெருஞ்செல்வமாக மாறும் முன்பே இறந்துபோனார். நீண்டகாலம் வாழ்ந்தவர் சொன்ன கதையே வரலாறாக நிலைக்கிறது. இதில் பெர்கரின் பிழை ஏதுமில்லை. ஆனால் வரலாறு எழுதுபவர் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

நினைவுக்கும் சான்றுக்கும் இடையிலான இந்த இடைவெளியை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஸ்பீகல்மனின் 'மௌஸ்' தானே ஓர் அளவுகோல். ஆஷ்விட்ஸில் இசைக்குழு வாசித்ததாக ஆவணங்கள் சொல்கின்றன. அப்படி ஒன்றும் தனக்கு நினைவில்லை என்கிறார் தந்தை. ஸ்பீகல்மன் இரண்டையும் வரைகிறார். தந்தையைப் பொய்யராக்கவில்லை, ஆவணத்தையும் விடவில்லை. டாப்ஸ் நினைவெழுத்துகளில் இப்படி ஒரு பக்கம் இல்லை. சொல்பவரின் நினைவு மட்டும் உண்டு; அதற்கு எதிரே வைக்க ஊதியச்சீட்டோ ஒப்பந்தமோ கடிதமோ இல்லை.

ஆசிரியர் யார்

ஏப்ரம்ஸ் தொகுப்புகளில் பலவற்றுக்கு நூலாசிரியர் பெயர் 'டாப்ஸ் நிறுவனம்'. ஸ்பீகல்மன், பிரவுன், லிஞ்ச் ஆகியோர் முன்னுரை, பின்னுரை எழுதியவர்கள் மட்டுமே. சட்டப்படி இது சரி. கூலிக்குச் செய்த படைப்பில் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் கூலி கொடுத்தவரே ஆசிரியர். அட்டையில் பெயரின்றி இருந்த கலைஞர், அரை நூற்றாண்டுக்குப் பின் அட்டையைப் புகழும் நூலில் விருந்தினராக வருகிறார். வீட்டைக் கட்டிய கொத்தனாரைக் கிரகப்பிரவேசத்திற்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வது போன்றது இது. அவர் மரியாதையாகத்தான் பேசுவார்.

வேறுவழி இருந்ததா என்ற கேள்விக்கு 1993 ஒரு விடை. அந்த ஆண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டில், ஒவ்வோர் அட்டையின் கீழும் ஓவியரின் பெயர் அச்சிடப்பட்டது. ஒரு சிறு வரிதான். ஆனால் சிறுவர்கள் ஓவியர்களின் பெயரைச் சொல்லி அட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். பெயர் அச்சிடுவதற்கு அட்டையில் இடமில்லை என்பது ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை என்பதை அது காட்டியது.

டாப்ஸ் நினைவெழுத்துகளின் ஆழ்ந்த பணியும் இதுதான். இவை பெயர்களை மீட்கின்றன. எந்த அட்டையை யார் வரைந்தார், யார் எழுதினார் என்று இன்று நமக்குத் தெரிவது பெருமளவும் பிரவுன், லிஞ்ச், ஸ்பீகல்மன், கெரானி போன்றோர் சொன்னதாலும் சேகரிப்பாளர்கள் அவர்களைத் தேடிக் கேட்டதாலும்தான். பழைய நாட்களைப் பற்றிய இனிய பேச்சு என்று இவற்றை ஒதுக்குபவர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள்.

மதிப்பீடு

இந்நினைவெழுத்துகளில் மேலானவை தொழிலின் கைமுறையைச் சொல்லும் பகுதிகள். ஒரு கருத்து வரைவாகி, வரைவு ஓவியமாகி, ஓவியம் வழக்கறிஞரின் மேசைக்குப் போய்த் திரும்பி, அட்டையாகிக் கடைக்கு வரும் வழி இவற்றில்தான் பதிவாகியுள்ளது. இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம் என்ற பரப்பில் ஒரு கதைத் தருணத்தை அடைக்கும் கலை பற்றி இவற்றைவிட நல்ல பாடநூல் இல்லை.

கீழானவை குழந்தைப்பருவ ஏக்கத்திற்கு இடம்கொடுக்கும் பகுதிகள். அந்த ஏக்கம் வாசகருடையது, உருவாக்கியவருடையது அல்ல. சாண்டர்ஸ் 'மார்ஸ் அட்டாக்ஸ்' அட்டைகளைத் தீட்டியபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவருக்கு அது குழந்தைப்பருவம் அல்ல, அந்த மாத வருமானம். உருவாக்கியவரின் நினைவை வாசகரின் ஏக்கத்தோடு ஒன்றாகக் குழைத்துவிடும்போது வேலை என்ற உண்மை மறைந்துவிடுகிறது.

மாணவர்கள் இவற்றை வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 'நாங்கள்' என்று எழுதுபவர் யார் யாரை அதில் சேர்க்கிறார்? பணம் பற்றிய பேச்சு எங்கே நிற்கிறது? நூலின் உரிமை யாருடையது? இக்கேள்விகள் எழுதியவரைக் குற்றவாளியாக்க அல்ல. அவர் நின்று பேசிய இடத்தை அறிந்துகொண்டால் அவர் சொன்னதன் மதிப்பு கூடவே செய்யும்.

அமெரிக்க வணிகக் கலையின் வரலாற்றில் இவை முழுமையான தன்வரலாறுகளாக நிலைபெறாமல் போகலாம். பெயரற்றுப் போயிருக்கக்கூடிய சிலரின் பெயர்களைக் காப்பாற்றிய எழுத்துகளாக நிலைபெறும். அந்த வரலாற்றை எழுதப்போகிறவர் இவற்றிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஆனால் இவற்றோடு நின்றுவிடக் கூடாது.